அரசியல் சர்ச்சையில் ஒருவர் பேசியதை எதை வைத்து எடைபோடுவது?

இளவேனில்

ஒவ்வொரு சர்ச்சையிலும் இதே கதைதான் நடக்கிறது. ஒருவர் மேடையில் ஏதோ பேசுகிறார். மாலைக்குள் ஒரு தரப்பு "பதவி விலகு" என்கிறது, இன்னொரு தரப்பு "பேச்சைத் திரித்துவிட்டார்கள்" என்கிறது. பேசியவர் நம்மவர் என்றால் வாய்தவறி வந்துவிட்டது. எதிர்த்தரப்பு என்றால் மனதில் இருந்ததுதான் வெளியே வந்திருக்கிறது. ஒரே பேச்சுக்கு இரண்டு தராசு. இதை வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பொதுவெளியில் சொல்லப்படும் சொல்லுக்கு நாமும் பொறுப்பாளிகள் என்று நினைக்கிறேன். எதை மன்னிக்கிறோம், எதை மன்னிப்பதில்லை என்பதைப் பார்த்துத்தான் அடுத்தவர் பேசப்போகிறார்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பேச்சு, பேசிய நாளோடு முடிந்துபோவதில்லை. பேசும்போது அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். அதைவிட முக்கியமாக, தவறு என்று தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு அன்றைய அமெரிக்க வெளியுறவுத் துறைச் செயலர் காலின் பவல். ஈராக் போருக்குச் சற்று முன்பு, 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில், ஈராக்கிடம் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் இருப்பதாகச் சொன்னார். தாம் சொல்பவை வெறும் கூற்றுகள் அல்ல, உறுதியான தகவல்கள் என்றும் அழுத்திச் சொன்னார். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. 2005இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், அந்த உரை தன் பெயரில் படிந்த கறை என்று அவரே ஒப்புக்கொண்டார். அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுத் தாமதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? இதைப் பற்றித்தான் உங்களோடு பேச ஆசை.

வழக்காடி

இளவேனில், நல்ல கேள்வி. ஆனால் பவலை நீங்கள் கொஞ்சம் எளிதாக விட்டுவிட்டீர்கள்.

அந்த உரைக்கு முந்தைய நாள்களில் வரைவைப் படித்துப் பார்த்தது அவருடைய வெளியுறவுத் துறையின் சொந்த உளவுப் பிரிவு. பல கூற்றுகளுக்குப் பக்கத்தில் "ஆதாரம் பலவீனம்" என்று குறிப்பு எழுதி அனுப்பினார்கள். சிலவற்றை நீக்கினார். சிலவற்றை நீக்கவில்லை. நடமாடும் கூடங்கள் பற்றிய கதைக்கு முக்கிய ஆதாரமாக இருந்தவரை அமெரிக்க அதிகாரிகள் நேரில் விசாரித்ததுகூட இல்லை. ஜெர்மன் உளவுத்துறை வழியாக வந்த தகவல் அது.

"அவருக்குத் தெரியாது" என்பதிலேயே இரண்டு வகை இருக்கிறது. உண்மையிலேயே தெரியாமல் இருப்பது ஒன்று. தெரிந்துகொள்ளக் கதவு திறந்திருந்தும் எட்டிப் பார்க்காமல் இருப்பது இன்னொன்று. சட்டமே இதைப் பிரித்துப் பார்க்கிறது. பொது அதிகாரிகளைப் பற்றிய அவதூறு வழக்குகளுக்கு, ஒரு நாளிதழ் விளம்பரம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் வகுத்த அளவுகோல் இதுதான்: பொய் என்று தெரிந்தே சொன்னாரா, அல்லது உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் அக்கறை இல்லாமல் சொன்னாரா? இரண்டில் எது நிரூபணமானாலும் பொறுப்பு உண்டு. அதே சமயம் நேர்மையாகத் தவறு செய்தவருக்குப் பாதுகாப்பும் உண்டு. சுதந்திரமான விவாதத்தில் தவறான கூற்றுகள் வரத்தான் செய்யும், அதற்கு இடம் விடாவிட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

அறத்துக்கும் இதே அளவு போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போரைத் தொடங்கிவைக்கும் பேச்சுக்கு, ஒரு நாளிதழ் விளம்பரத்துக்குக் கேட்கும் அளவாவது கேட்கலாம் இல்லையா?

பிரதிமேசை

செய்தித்துறையில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். நீங்கள் இருவரும் ஒரு படியைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று தோன்றுகிறது. அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பதற்கு முன்னால், அவர் உண்மையில் என்ன பேசினார் என்று நமக்குத் தெரியுமா?

ஒரு பேச்சு எங்கள் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் முழுதாக வராது. நிருபர் அனுப்பிய நான்கு வரி, அதோடு ஒட்டிய ஒரு துண்டுக் காணொளி. அந்த நான்கு வரியில் அழுத்தமான ஒன்று தலைப்பாகிறது. "ஆனால்" என்று தொடங்கும் அடுத்த வாக்கியம் இடப்பற்றாக்குறையில் போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அவசரத்தில் நடக்கிறது. மறுநாள் வரும் மறுப்பு, தலைப்பு வந்த பக்கத்தில் வராது. உள்பக்கத்தில் கீழ் மூலையில் வரும்.

2010 ஜூலையில் ஷெர்லி ஷெராட் என்ற அமெரிக்க வேளாண் துறை அதிகாரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். கறுப்பினத்தவரான அவர், பல ஆண்டுகளுக்கு முன் உதவி கேட்டு வந்த வெள்ளையின விவசாயிக்கு முழு மனதோடு உதவவில்லை என்று பேசும் துண்டுக் காணொளி இணையத்தில் வந்தது. அன்றைக்கே வேலை போயிற்று. காரில் போய்க்கொண்டிருந்தவரை ஓரமாக நிறுத்தி, கைபேசியிலேயே ராஜினாமாவை அனுப்பச் சொன்னதாக அவரே பின்னர் சொன்னார். கறுப்பின மக்களின் உரிமைக்காக நிற்கும் பழம்பெரும் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யும் அவரைக் கண்டித்து அறிக்கை விட்டது.

முழுப் பேச்சும் வெளியானபோது கதை தலைகீழானது. தன் தயக்கம் தவறு என்று உணர்ந்து, ஏழை என்ற முறையில் எல்லாரும் ஒன்றுதான் என்று புரிந்து, அந்த விவசாயியின் நிலத்தைக் காப்பாற்ற உதவியதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விவசாயக் குடும்பமே முன்வந்து அவருக்காகப் பேசியது. இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று: அந்தப் பேச்சு நடந்ததே என்.ஏ.ஏ.சி.பி.யின் விழாவில். ஒளிப்பதிவு அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பார்த்துவிட்டுக் கண்டிக்க ஒரு நாள் போதும்.

வழக்காடி சொன்ன "எட்டிப் பார்க்காமல் இருப்பது" பேசுகிறவருக்கு மட்டுமல்ல, கண்டிக்கிறவருக்கும் பொருந்தும். கண்டனமும் ஒரு பொது அறிக்கைதானே?

கதிர்நிலவன்

பிரதிமேசை சொல்வது சரி. ஆனால் முழுப் பேச்சையும் படித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஜெர்மனியில் 1988 நவம்பர் 10. யூதர்கள்மீது நாஜிகள் நடத்திய நவம்பர் வன்முறையின் 50ஆம் ஆண்டு நினைவு நாள். மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத் தலைவர் பிலிப் யென்னிங்கர் உரையாற்றினார். அன்றைய சாதாரண ஜெர்மானியர்கள் ஹிட்லரை ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்று விளக்க முயன்றார். அதற்காக அவர்கள் மனதில் ஓடியிருக்கக்கூடிய எண்ணங்களை அவர்கள் குரலிலேயே கேள்விகளாக அடுக்கினார். அந்தக் கேள்விகள் தன்னுடையவை அல்ல என்பதைக் குரலில் பிரித்துக் காட்டவில்லை. தாளைப் பார்த்து ஒரே சுரத்தில் வாசித்துக்கொண்டே போனார். உறுப்பினர்கள் பலர் எழுந்து வெளியேறினார்கள். மறுநாள் பதவி விலகினார்.

அந்த நிகழ்வின் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. யென்னிங்கர் பேசிக்கொண்டிருக்கிறார், அருகில் அமர்ந்திருக்கும் முதிய நடிகை ஈடா ஏரே இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருக்கிறார். ஹிட்லர் காலத்துக் கொடுமையிலிருந்து தப்பியவர் அவர். உரையைக் கேட்கச் சகிக்காமல் முகத்தை மூடிக்கொண்டார் என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். ஆனால் உரைக்குச் சற்று முன்புதான் வதைமுகாம்களைப் பற்றிய கவிதை ஒன்றை அவர் வாசித்து முடித்திருந்தார். அதன் பாரத்தில்தான் அப்படி அமர்ந்திருந்தார், உரையில் அவர் கவனமே இல்லை என்று பிறகு தெரியவந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜெர்மன் யூதர்களின் தலைவர்களில் ஒருவரான இக்னாட்ஸ் பூபிஸ், பின்னொரு நாள் தன் உரையில் யென்னிங்கரின் பகுதிகளை அப்படியே எடுத்துப் பேசினார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவரே அதை வெளியிட்டார்.

அதே வரிகள். ஒருவர் பதவி போனது, இன்னொருவரை யாரும் கவனிக்கவில்லை. யென்னிங்கருக்கு அநியாயம் நடந்தது என்றே நான் நினைக்கிறேன். நாஜிகளை நியாயப்படுத்துவது அவர் நோக்கமே அல்ல.

மீனலோசனி

கதிர், உங்கள் விவரங்களோடு எனக்குச் சண்டை இல்லை. முடிவோடு இருக்கிறது.

பூபிஸ் அந்த வரிகளைச் சொன்னபோது, அவை யாருடைய எண்ணங்கள் என்பதில் கேட்டவர்களுக்குச் சந்தேகமே வர வழியில்லை. அவர் இளம்வயதில் நாஜிகளின் முகாமில் அடைபட்டிருந்தவர். அவர் தந்தை கொல்லப்பட்டார். யென்னிங்கர் நின்றது அந்த நாட்டின் நாடாளுமன்றத்தின் பெயரால். கேட்க வந்தவர்களில் தப்பிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். கொன்றவர்கள் எப்படி யோசித்தார்கள் என்ற ஆராய்ச்சி தேவைதான், ஒரு பல்கலைக்கழக அரங்கில் அதைப் பேசியிருந்தால் பாராட்டே கிடைத்திருக்கும். துக்கம் கேட்கும் நாளில், துக்கப்படுகிறவர்கள் முன்னால், அதை யார் எப்படிப் பேசலாம் என்று ஒரு நாடாளுமன்றத் தலைவர் யோசித்திருக்க வேண்டும்.

நோக்கம் நல்லது என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகாது. அவரை நாஜி அனுதாபி என்று ஏசியது அநியாயம். அந்தப் பதவியில் அந்த நாளில் அப்படிப் பேசியது தவறு என்று சொன்னது நியாயம். நாம் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். ஆளைப் பற்றிய தீர்ப்பு வேறு, பேச்சைப் பற்றிய தீர்ப்பு வேறு.

கதிர்நிலவன்

ஆளையும் பேச்சையும் பிரிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் பதவி விலகல் என்ற தண்டனை விழுந்தது பேச்சின்மீது அல்ல, ஆளின்மீதுதான். அங்கேதான் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

சாரல்

எல்லாரும் உண்மை, பொய் என்று பேசுகிறீர்கள். தெரிந்தே பொய் சொல்லியாக வேண்டிய நேரம் ஆட்சியில் இருப்பவர்களுக்கு வருமா, வராதா? பணயக் கைதிகளை மீட்கப் படை கிளம்பும் நேரத்தில் ஒரு நிருபர் வந்து கேட்டால் அமைச்சர் என்ன சொல்வார்?

வழக்காடி

சாரல், நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. 1980 ஏப்ரலில் ஈரானில் இருந்த பணயக் கைதிகளை மீட்க அமெரிக்கப் படை கிளம்பவிருந்தபோது, அதிபர் கார்ட்டரின் செய்திச் செயலர் ஜோடி பவல் ஒரு நிருபரிடம் அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று பொய் சொன்னார். பிறகு அதை மறைக்கவில்லை. அந்தச் சூழலில் சொன்னது சரிதான் என்று வெளிப்படையாக வாதாடினார். உயிர்கள் ஆபத்தில், கால அளவு சில நாள்கள், முடிந்ததும் ஒப்புதல். இதை என்னால் ஏற்க முடிகிறது.

இதைவிடச் சிக்கலானது பணமதிப்பு விவகாரம். பிரிட்டன் நிதியமைச்சர் ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ், பவுண்டின் மதிப்பைக் குறைக்க மாட்டோம் என்று திரும்பத் திரும்ப மறுத்தார். 1949 செப்டம்பரில் 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தார். நேர்மைக்குப் பெயர்போன மனிதர் அவர். ஆனால் மறுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விடை 1967இல் கிடைத்தது. மதிப்பைக் குறைப்பதென்று அமைச்சரவை முடிவெடுத்த நவம்பர் 16 அன்றே, நிதியமைச்சர் ஜேம்ஸ் கேலகனிடம் நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தது. வெளிநாட்டுக் கடன் பற்றிய வதந்திகள் உண்மையா என்று கேட்டார்கள். பொய் சொல்ல அவருக்கு மனமில்லை, உண்மை சொல்லவும் வழியில்லை. மழுப்பினார். மழுப்பலே பதிலாகிவிட்டது. மறுநாள் சந்தையில் பவுண்டை விற்றுத் தள்ளினார்கள், நாட்டின் கையிருப்பு மளமளவென்று கரைந்தது. நவம்பர் 18 அன்று மதிப்பு 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. மாதம் முடிவதற்குள் கேலகன் நிதித்துறையை விட்டு விலகினார்.

பொய் சொன்ன கிரிப்ஸ் நாட்டுப் பணத்தைக் காப்பாற்றினாரா? பொய் சொல்லாத கேலகன் இழப்பை ஏற்படுத்தினாரா? வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். எனக்குக் கேலகன்மேல் மரியாதை அதிகம். ஒரு நிதியமைச்சர் மறுத்தால் அது உண்மை என்று அடுத்த தலைமுறையும் நம்ப வேண்டுமே! கிரிப்ஸின் மறுப்புகள் அந்த நம்பிக்கையில் கொஞ்சத்தைச் செலவழித்துவிட்டன.

இளவேனில்

அதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 19 அன்று பிரதமர் ஹரோல்ட் வில்சன் தொலைக்காட்சியில் பேசினார். உங்கள் சட்டைப் பையிலோ வங்கியிலோ இருக்கும் பவுண்டின் மதிப்பு குறைந்துவிட்டதாக இதற்குப் பொருள் அல்ல என்றார். ஒரு பவுண்டு அடுத்த நாளும் ஒரு பவுண்டுதான், அந்த அளவில் பொய் இல்லை. ஆனால் இறக்குமதிப் பொருளின் விலை ஏறும்போது அதே பவுண்டுக்குக் கிடைப்பது குறையும். கேட்டவர்கள் தங்களை ஏமாற்றிவிட்டதாகத்தான் உணர்ந்தார்கள். கடைசிவரை அந்த வரி அவரை விடவில்லை.

பிரதிமேசைக்காக இதையும் சொல்கிறேன்: அதே உரையில் இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறும் என்றும் வில்சன் சொல்லியிருந்தார். யாருக்கும் அது நினைவில்லை. அவரைக் குற்றம் சாட்டும்போது இதையும் எடுத்துவைக்காவிட்டால், அவர் செய்ததையே நாமும் செய்கிறோம். இருந்தாலும் எனக்கு, நேரடிப் பொய்யைவிட இந்த மாதிரி "சட்டப்படி உண்மை"தான் அதிக கோபத்தைத் தருகிறது. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இதைப் பிடித்தால் "நான் சொன்னதில் எந்த வார்த்தை தவறு, காட்டு" என்பார்கள்.

மீனலோசனி

அதன் உடன்பிறப்புதான் "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்பது. செய்தது தவறு என்று அதில் எங்குமே இல்லை. புண்பட்டவர் மனம்தான் மெல்லியது என்று பழி அந்தப் பக்கம் போகிறது.

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து எடுத்துச்சென்ற கொடுமை பற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வந்தது. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தில் ஆழ்ந்த வருத்தம் இருந்தது, மன்னிப்பு இல்லை. முந்தைய தலைமுறைகள் செய்ததற்கு இன்றைய தலைமுறை மன்னிப்புக் கேட்க முடியாது என்பது அவர் வாதம். தனிமனிதரைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் குழந்தைகளை எடுத்துச்சென்றது அரசு. அரசு இறந்து பிறப்பதில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் அதே நாடாளுமன்றத்தில், அரசுகளும் நாடாளுமன்றங்களும் இயற்றிய சட்டங்களுக்காகவும் கொள்கைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டார். என்ன செய்யப்பட்டது, யார் செய்தது, யாருக்குச் செய்தது எல்லாம் அதில் இருந்தன. அன்று உயிரோடு இருந்த முன்னாள் பிரதமர்கள் எல்லாரும் வந்தார்கள், ஹோவர்டைத் தவிர.

இழப்பீடு அந்த உரையில் இல்லை என்ற குறை இன்னும் இருக்கிறது. அந்தக் குறையும் நியாயமானது.

சாரல்

அப்புறம் செய்தித் தொடர்பாளர்கள்? அவர்கள் சொல்வது அவர்கள் கருத்தே இல்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார்கள். அவர்களையும் இதே அளவில் எடைபோட வேண்டுமா?

பிரதிமேசை

போட வேண்டும். இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலை மூடிமறைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனின் செய்திச் செயலர் ரான் சீக்லர், மாதக்கணக்கில் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, 1973 ஏப்ரலில் முன்பு சொன்னவை எல்லாம் இனி செல்லாது என்று ஒரே வரியில் முடித்தார். பொய் என்று சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை, காலாவதி ஆனது போல.

நிக்சன் பதவி விலகியதும் அடுத்து வந்த அதிபர் ஃபோர்டின் செய்திச் செயலர் ஜெரால்ட் டெர்ஹார்ஸ்ட். நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கும் திட்டம் எதுவும் இல்லை என்று, தனக்குக் கிடைத்த தகவலை நம்பி நிருபர்களிடம் சொல்லியிருந்தார். 1974 செப்டம்பர் 8 அன்று மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அன்றே ராஜினாமா செய்தார். பதவிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறவருக்கும் எழுந்து போகக் கால்கள் உண்டு.

நெடுஞ்சாலை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று விட்டுப்போகிறது. எல்லாருக்கும் ஒரே தராசு என்று இளவேனில் தொடங்கினார். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. உள்துறையைக் கையில் வைத்திருக்கும் அமைச்சர் ஒரு சமூகத்தைப் பற்றி மேடையில் ஏசுவதும், மகனைப் பறிகொடுத்த தாய் அழுகையின் நடுவே அதே அளவு கடுமையான சொல்லை எறிவதும் ஒன்றா? அமைச்சரின் சொல்லைக் கேட்டு நாளை காவலர்கள் கிளம்பலாம். தாயின் சொல்லைக் கேட்டு யாரும் கிளம்பப் போவதில்லை. அந்தத் தாயின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, இவர்களும் வெறுப்பைத்தான் பேசுகிறார்கள்" என்று நாள் முழுவதும் விவாதம் நடத்துகிறார்கள். சொல்லின் அளவைப் பார்க்காமல், அது போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, வாய் திறக்காதவர்களை விரட்டுவது. பொறுப்பில் இருப்பவர் தன் துறையில் நடந்ததைப் பற்றி மௌனம் காத்தால் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஒரு விளையாட்டு வீரரையோ பாடகரையோ பிடித்து "ஏன் இன்னும் கண்டிக்கவில்லை" என்று நெருக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. விவரம் தெரியாமல் வாங்கிய கண்டனம் யாருக்கும் பயன்படாது, ஷெராட் விஷயத்தில் பார்த்தோமே.

இளவேனில்

நெடுஞ்சாலை, அதிகாரம் கூடக்கூடப் பொறுப்பும் கூடும் என்பதை அப்படியே ஏற்கிறேன். ஒரே தராசு என்று நான் சொன்னது கட்சிக்காக மாறாத தராசை. தாய்க்கும் அமைச்சருக்கும் வேறு வேறு எடை வைக்கலாம். நம் கட்சி அமைச்சருக்கும் எதிர்க்கட்சி அமைச்சருக்கும் வைக்கக் கூடாது.

தொடங்கிய கேள்விக்கு வருகிறேன். டெர்ஹார்ஸ்ட் ஒரே நாளில் செய்ததைக் காலின் பவல் இரண்டு ஆண்டு கழித்து, பதவியை விட்டு இறங்கிய பிறகு, ஒரு நேர்காணலில் செய்தார். அதற்குள் போர் நடந்து கொண்டிருந்தது. அவரை முற்றாகத் தள்ள எனக்கு இன்னும் மனமில்லை, வருத்தமே படாதவர்கள் அந்த அரசில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் திருத்தத்தின் மதிப்பு, அது யாருக்காவது பயன்படும் நேரத்தில் வந்ததா என்பதில்தான் இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

வழக்காடி

நேரத்தோடு இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.நா. அவையில் உலகமே பார்க்கச் சொன்னதை அதே அவையில் திருத்துவதும், தொலைக்காட்சியில் சொல்வதும் ஒன்றல்ல. மறுப்பு உள்பக்க மூலையில் வருகிறது என்று பிரதிமேசை சொன்னாரே, அதே கதைதான்.

சாரல்

ஷெர்லி ஷெராட் கடைசியில் என்ன ஆனார்? வேலை திரும்பக் கிடைத்ததா?

பிரதிமேசை

இரண்டே நாளில் வேளாண் துறைச் செயலர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதிபர் ஒபாமா தொலைபேசியில் பேசினார். என்.ஏ.ஏ.சி.பி. தன் கண்டனத்தைத் திரும்பப் பெற்று, முழுக் காணொளியையும் வெளியிட்டது. துறையில் புதிய பதவி ஒன்றும் தர முன்வந்தார்கள். ஆகஸ்டில், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.